குயவனும் பரமபுருஷனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஈச்வரன் உளன் என்பதை யுக்தியால் மட்டும் நிலைநாட்ட முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று விடை ஸாதித்தவர் நம் எம்பெருமானார். இதை அடியேன் சொல்லும்போது அன்பர்கள் பலர் நம்பத் தயங்குகிறார்கள். நாஸ்திகர் சொல்ல வேண்டியதை ஆசார்யர் சொல்வாரா என்று கேட்கிறார்கள். அவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள நம் குடும்பங்களுக்கு நாள்தோறும் கைபேசியில் வந்து சேரும் செய்திகளில், "விஞ்ஞானம் கடவுளை நிரூபித்துவிட்டது" என்ற தலைப்புடையவை ஏராளம். கண்ணின் அமைப்பைப் பார், கோள்களின் ஒழுங்கைப் பார், இவற்றை ஒருவன் செய்திருக்க வேண்டாமா என்பதே அவற்றின் ஸாரம். பிள்ளைகளுக்குச் சொல்ல எளிதாக இருப்பதால் நாமும் அதையே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த யுக்தியைத்தான், ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, மூன்றாவதான சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில், உடையவர் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றி வைத்திருக்கிறார்.

அந்த யுக்தி நையாயிகர்களுடையது. அதை மிக விரிவாகக் கட்டியவர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த உதயநாசார்யர். அவருடைய ந்யாயகுஸுமாஞ்ஜலி முழுவதும் இதற்காகவே எழுந்த நூல். குடம் ஒரு கார்யம். அதைச் செய்த குயவன் ஒருவன் உண்டு. அவனுக்கு மண்ணைத் தெரியும், சக்கரத்தைத் தெரியும், குடம் எதற்கு என்பதும் தெரியும். பூமி, மலை, கடல் முதலியவையும் அவயவங்கள் கூடியவை. ஆகையால் அவையும் கார்யமே. ஆகவே அவற்றைச் செய்தவனும் ஒருவன் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கார்யத்தைச் செய்ததால் அவன் ஸர்வஜ்ஞனாகவும் ஸர்வசக்தனாகவும் இருக்க வேண்டும். இதுவே அவர்கள் வாதம்.

அடியேன் வணிகவியல் படித்தவன். வங்கியில் காலம் கழித்தவன். தர்க்க சாஸ்த்ரத்தை முறைப்படி குருமுகமாகக் கற்கவில்லை. ஆயினும் இந்த அதிகரணத்தைக் காலக்ஷேபத்தில் கேட்டபோது, திருச்சிராப்பள்ளி வட்டாரத்து அரிசி ஆலைகளின் கிடங்குகளுக்கு இருப்புச் சரிபார்க்கப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. கிடங்கில் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அவற்றைப் பார்த்து, யாரோ கொண்டுவந்து அடுக்கினார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஒருவரே அடுக்கினார் என்று சொல்ல முடியுமா? ஒரே நாளில் அடுக்கப்பட்டவை என்று சொல்ல முடியுமா? அடுக்கியவர்தாம் சொந்தக்காரர் என்று சொல்ல முடியுமா? அவர் இப்போது உயிரோடு இருக்கிறார் என்றாவது சொல்ல முடியுமா? மூட்டைகளை எத்தனை முறை எண்ணினாலும் இவற்றுக்கு விடை வராது. சரக்கு யாருடையது என்பதைப் பத்திரந்தான் சொல்லும்.

உடையவர் எழுப்பும் தடைகள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வருகின்றன. மலையும் கடலும் கார்யம் என்றே வைத்துக்கொள்வோம். அவை யாவும் ஒரே காலத்தில், ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டவை என்பதற்கு ப்ரமாணம் என்ன? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாம். ஜீவர்களிலேயே அபாரமான புண்யவிசேஷத்தால் பெரிய சக்தி பெற்றவர்கள் உண்டு என்று நையாயிகரும் ஒப்புகிறார்கள். அப்படிப்பட்ட சிலர் செய்தார்கள் என்று கொண்டால் போதுமே, புதிதாக ஒரு ஈச்வரனைக் கற்பிப்பானேன்? இனி, செய்தவனுக்குச் சரீரம் உண்டா, இல்லையா? சரீரம் இல்லாத குயவனை எங்கும் கண்டதில்லை. ஸங்கல்பமும் மனமும்கூடச் சரீரம் உடையவரிடமே காணப்படுகின்றன. சரீரம் உண்டு என்றால், அது நித்யமா அநித்யமா? அவயவங்கள் உள்ள ஒரு சரீரம் நித்யமாக இருக்கலாம் என்றால், அவயவங்கள் உள்ள உலகமும் அப்படியே நித்யமாக இருந்துவிடலாம், செய்தவன் தேவையில்லை. அநித்யம் என்றால், அந்தச் சரீரத்தைச் செய்தவன் யார்?

ஸ்காட்லாந்து தேசத்து டேவிட் ஹ்யூம் எழுதி, அவர் மறைந்த பின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூலை அடியேன் ஓய்வு பெற்ற பிறகே வாசித்தேன். ஒரு கப்பலைப் பல தச்சர்கள் கூடிக் கட்டுவதில்லையா, உலகத்தைப் பல தேவதைகள் கூடிச் செய்திருக்கலாகாதா என்று அதில் ஒரு பாத்திரம் கேட்கிறது. மேலை நாட்டார் இதைப் பெரிய துணிவு என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடத்தக்கதே. ஆனால் அதே கேள்வியை, 1017 முதல் 1137 வரை எழுந்தருளியிருந்ததாக ஸம்ப்ரதாயம் கொள்ளும் ஒரு மஹான், அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுதிவைத்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் ஹ்யூமை வாசித்துவிட்டு, "அப்பா சொன்ன நிரூபணம் இடிந்துவிட்டது, ஆகவே பெருமாளும் இல்லை" என்ற முடிவுக்கு வரும் பிள்ளைக்கு, இடித்தவர்களில் முந்தியவர் உடையவர் என்று தெரிந்திருந்தால் பாதிக் கலக்கம் தீர்ந்திருக்கும்.

தமக்கு அநுகூலமான ஒரு வாதத்தை அவர் ஏன் இடிக்க வேண்டும்? அது அநுகூலமே அன்று என்பதுதான் காரணம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. குடத்தைக் கொண்டு குயவனை ஊகிப்பவனுக்குக் கிடைப்பது ஒரு பெரிய குயவன். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. குயவன் குடத்துக்கு வெளியே நிற்பவன். விற்றுவிட்டுப் போய்விடுவான், அவன் இறந்தாலும் குடம் இருக்கும். அப்படிப்பட்ட ஒருவனை உலகத்துக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டால், திருவாராதனத்துக்கும் சரணாகதிக்கும் அங்கே இடம் ஏது? நம் ஸித்தாந்தத்தில் எம்பெருமான் நிமித்த காரணம் மட்டும் அல்லன், உபாதான காரணமும் அவனே. சேதந அசேதநங்கள் யாவும் அவனுக்குச் சரீரம், அவன் அவற்றுக்கு ஆத்மா. இந்தச் சரீர-சரீரி பாவத்தை எந்தக் குடமும் சொல்லிக்கொடுக்காது. அநுமானம் என்பது கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது. ஆகையால் கண்டதன் குறைகள் எல்லாம் காணாததன் மேல் ஒட்டிக்கொண்டே வரும். சாஸ்த்ரமோ வேறு எந்த ப்ரமாணத்தால் அறியப்பட்ட எதனோடும் ஒப்பில்லாத ஒருவனைச் சொல்கிறது. ஒப்பில்லாதவன் என்று சொன்ன பிறகு, குயவனுக்குச் சரீரம் உண்டே, இவனுக்கு உண்டா என்ற கேள்வி அவனைத் தொடாது. உடையவர் அந்த அதிகரணத்தை முடிக்கும் இடம் இதுவே.

ஆளவந்தாரின் ஸித்தித்ரயத்தில் ஒன்றான ஈச்வரஸித்தியை எடுத்துக்காட்டி, அதில் மீமாம்ஸகருக்கு எதிராக அநுமானம் பேசப்படுகிறதே என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கேள்வி ந்யாயமானது. இன்று நமக்குக் கிடைக்கும் ஈச்வரஸித்தி முழுமையானது அன்று, இடையிலேயே நின்றுவிடுகிறது. ஆளவந்தார் அதை எங்கே கொண்டுபோய் முடித்தார் என்பதைக் கிடைத்த பகுதியைக் கொண்டு தீர்மானிப்பது, பாதி கிழிந்த கணக்கேட்டைக் கொண்டு நிலுவை சொல்வது போன்றது.

ஈச்வரன் உண்டு என்ற வாதத்தின் கதி இது. இல்லை என்ற வாதம் இதைவிட வலுவாக நிற்கிறதா?

இல்லை என்றவர்கள் எல்லாரும் வேதத்தைத் தள்ளியவர்கள் என்று நினைக்கக்கூடாது. வேதத்தைக் காக்க வந்த குமாரில பட்டர் தம் ச்லோகவார்த்திகத்தில் உலகைப் படைத்தவன் என்ற கொள்கையைக் கடுமையாக மறுக்கிறார். படைக்கும் முன் இருந்து பார்த்த ஸாக்ஷி யார்? கருணையால் படைத்தான் என்றால், கருணைக்கு உரிய ப்ராணிகள் அப்போது எங்கே இருந்தார்கள்? விளையாட்டு என்றால், குறையில்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு? இவை கூரிய கேள்விகள். எனினும் அவை தகர்ப்பது நையாயிகரின் குயவனைத்தான்.

காணவில்லை, ஆகையால் இல்லை என்பது மற்றொரு வாதம். சார்வாகன் முதல் இன்றைய பகுத்தறிவாளர் வரை இதையே சொல்கிறார்கள். இதற்கு உதயநர் சொல்லும் ஸமாதானம் நன்றாகவே இருக்கிறது. குயவனை விட்டாலும் இதை நாம் வைத்துக்கொள்ளலாம். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற தகுதி உடைய பொருளுக்கே, காணாமை இல்லாமைக்கு ஸாக்ஷி ஆகும். மேசை மேல் குடம் இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. கண்ணுக்கு விஷயமே ஆகாத பொருளுக்கு இந்தக் கணக்கு ஓடாது. நிரூபணம் இல்லாமை வேறு, இல்லாமைக்கு நிரூபணம் வேறு. தணிக்கைக்கு வந்தவர் ஒரு ரசீதைக் காணோம் என்று எழுதலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு பணமே கட்டப்படவில்லை என்று எழுத முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளும் அன்பர்கள் அனைவரும் காணும் காட்சி அது. 1987இல் அஹோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் ஸ்வாமியின் முயற்சியால் பதின்மூன்று நிலைகளோடு பூர்த்தியான தெற்கு ராஜகோபுரத்துக்கு எதிரே, ஈ.வெ.ராமஸாமி அவர்களின் சிலை இருக்கிறது. 2006 டிசம்பரில் பெரும் சர்ச்சைக்கு நடுவே நிறுவப்பட்டது. கடவுள் இல்லை என்பதே அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன வார்த்தை. நம்மவர் சிலர் கோபுரத்தைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது, திருவாய்மொழி முதல் பத்து முதல் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரத்தைச் சொல்லி, "இல்லை என்றாலும் அவன் உளன் என்று ஆழ்வார் அன்றே பதில் சொல்லிவிட்டார்" என்று மகிழ்வதுண்டு. பாசுரத்தின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அதை அங்கே சொல்வது பொருந்துமா?

நம் வ்யாக்யாதாக்கள் அந்தப் பாசுரத்தை சூந்யவாதியை நோக்கியது என்று காட்டியிருக்கிறார்கள். எதுவுமே இல்லை என்பவனிடம் ஆழ்வார் கேட்கிறார்: உன் "இல்லை" என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? உலகத்தில் "இல்லை" என்ற சொல் ஒரு பொருளின் வேறொரு நிலையையே சொல்கிறது. குடம் இல்லை என்றால் ஓடு இருக்கிறது, அல்லது மண் இருக்கிறது. வங்கியில் நிலுவை பூஜ்யம் என்று எழுதுவதற்கும் ஒரு கணக்கு திறந்திருக்க வேண்டும். ஆகவே உண்மையும் இன்மையும் இருக்கும் பொருளின் இரண்டு நிலைகளே. எல்லாம் இல்லை என்பவன், எல்லாம் ஒரு நிலையில் இருக்கிறது என்றே சொன்னவன் ஆகிறான். உடையவரும் ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தில் சூந்யவாதத்தை இந்த வழியிலேயே நிராகரிக்கிறார்.

முயல்கொம்பு இல்லை என்பதற்கு முயல்கொம்பு எங்கோ இருக்க வேண்டுமா என்று எதிரி கேட்டால்? முயல் உண்டு, கொம்பு உண்டு, இரண்டுக்கும் சேர்த்தி இல்லை என்பதே அதன் பொருள் என்று நாம் சொல்கிறோம். சரி, அப்படியானால் நாஸ்திகரும், உலகம் உண்டு, கர்த்தா என்ற சொல்லுக்குப் பொருளும் உண்டு, உலகத்துக்கும் கர்த்தாவுக்கும் சேர்த்தி இல்லை என்றே நான் சொல்கிறேன் என்பார். அவரிடம் சூந்யவாதிக்கு எய்த அம்பு செல்லாது. பாசுரத்தை அது எய்யப்பட்ட இலக்கில் அநுபவிப்பதே ஆழ்வாருக்கு நாம் செய்யும் மரியாதை.

மேலும் ஈ.வெ.ரா. அவர்களுடைய வாதம் அடிப்படையில் தர்க்க வாதம் அன்று. கடவுளின் பெயரால் மனிதரில் உயர்வு தாழ்வு கற்பிக்கப்படுகிறது என்பதே அவருடைய முதன்மையான குற்றச்சாட்டு. அவர் சொன்ன பலவற்றை அடியேனால் ஏற்க இயலாது. சொன்ன விதத்தையும் ஏற்க இயலாது. ஆனால் ஒழுக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு அநுமானத்தால் பதில் சொல்ல முடியாது, ஒழுக்கத்தால்தான் சொல்ல வேண்டும். காவிரியில் நீராடப் போகும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் சென்று, நீராடித் திரும்பும்போது உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லிதாஸரின் கையைப் பற்றி வந்தார் உடையவர் என்று குருபரம்பரை சொல்கிறது. கோபுரத்தின் எதிரே நின்று கேட்கப்படும் கேள்விக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன பதில் ஏதும் உண்டென்றால், அந்தத் திருக்கை பற்றியதுதான். அதே உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் எழுந்தருளப்பண்ணி வந்த வைபவத்தையும் நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்வதோடு நிற்கிறோமா என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இல்லை என்ற வாதங்களில் எல்லாம் கடினமானது துன்பத்தைப் பற்றியது. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், இதே ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாங்கல்ய தாரணத்துக்குக் கூடியிருந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டே ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள், டிசம்பரில் ஆழிப்பேரலை. உலகத்தின் ஒழுங்கைக் காட்டி ஈச்வரனின் அறிவையும் கருணையையும் நிரூபிப்பவர் இந்தப் பற்றுகளையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத கணக்கை எந்த மேலாளரும் ஏற்கமாட்டார். காவிரியில் நீர் வருவது கருணைக்கு அத்தாட்சி என்றால், மண்டபத்தில் தீ வந்தது எதற்கு அத்தாட்சி? உலகத்தை மட்டும் பார்த்து ஊகிப்பவனுக்கு, சில நேரம் அன்பும் சில நேரம் அலக்ஷ்யமும் உள்ள ஒரு கர்த்தாதான் கிடைப்பான். ஹ்யூம் இதையும் சொன்னார். உடையவர் அநுமானத்தை ஏன் நம்பவில்லை என்பது அடியேனுக்கு விளங்கிய இடம் இந்தத் தீதான்.

ஸூத்ரகாரர் இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. இரண்டாம் அத்யாயம் முதல் பாதத்தில், ஈச்வரனுக்குப் பக்ஷபாதமும் கொடுமையும் உண்டாகாதா என்று தாமே கேட்டு, அவன் ஜீவர்களின் கர்மத்தை அபேக்ஷித்தே படைக்கிறான், அந்தக் கர்மப்ரவாஹம் அநாதி என்று ஸமாதானம் அருளுகிறார். இது ஈச்வரனிடம் குற்றம் இல்லை என்பதற்கான ஸமாதானம். மாண்டவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்வதற்கான வாக்கியம் அன்று. "எல்லாம் பூர்வ கர்மம்" என்று துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்டவர் முகம் என்ன ஆயிற்று என்பதையும் கண்டிருக்கிறேன். பிறர் படும் துன்பத்தைக் கண்டு ஐயோ என்று இரங்குகிறவனுக்கே தனக்கு வைஷ்ணவத்வம் உண்டு என்று தெரியும் என்பது நஞ்சீயர் அருளிச்செய்ததாக நம் பெரியோர் சொல்லிவரும் வார்த்தை. இன்னாருக்கு இன்ன கர்மம் என்று தீர்ப்பெழுதும் அதிகாரத்தை எந்த ஆசார்யரும் நமக்குத் தரவில்லை.

இனி ஒரே கேள்வி எஞ்சுகிறது. அநுமானம் உதவாது, சாஸ்த்ரமே ப்ரமாணம் என்றால், சாஸ்த்ரத்தை ஏன் நம்ப வேண்டும்? ஈச்வரன் சொன்னதால் வேதம் ப்ரமாணம், வேதம் சொல்வதால் ஈச்வரன் உண்டு என்று சுற்றிவரும் தோஷம் நையாயிகருக்கு உண்டு. அவர்களுக்கு வேதம் ஈச்வரன் இயற்றியது. நமக்கு வேதம் அபௌருஷேயம். எம்பெருமானும் அதை இயற்றவில்லை, முன்பிருந்தபடியே நினைந்து வெளியிடுகிறான். சொல்லில் பிழை சொல்பவனால் வருகிறது. சொல்பவனே இல்லாத சொல்லில் அந்தப் பிழைக்கு வாசல் இல்லை. ஓர் அறிவு பிறந்தால், அதைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு வரும் வரை அது மெய்யே. சுற்று இங்கே இல்லை. ஆனால் அபௌருஷேயம் என்பதையே ஒப்பாதவரை இது கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டிப்போட ஒரு யுக்தி நம்மிடம் இருப்பதாகப் பாவனை செய்வதைவிட, இல்லை என்று சொல்லிவிடுவது உத்தமம்.

ஆழ்வார் போகும் வரிசையைப் பாருங்கள். முதல் பாசுரத்திலேயே, மயக்கமற்ற அறிவையும் அன்பையும் அவனே தனக்கு அருளினான் என்கிறார். தாம் ஊகித்துக் கண்டதாகச் சொல்லவில்லை. ஏழாம் பாசுரத்தில், உடலுக்குள் உயிர் போல எல்லாவற்றுள்ளும் அவன் மறைந்து பரந்திருப்பதையும், அவன் சுருதியில் விளங்குவதையும் சேர்த்துச் சொல்கிறார். சரீர-சரீரி பாவம், சாஸ்த்ர ப்ராமாண்யம் இரண்டும் அந்த ஒரு பாசுரத்தில் இருக்கின்றன. சூந்யவாதி அதற்குப் பிறகுதான் வருகிறான். பாஷ்யகாரர் திருவாய்மொழியைக் கொண்டே ஸூத்ரங்களின் பொருளை ஒருங்கவிட்டார் என்று ஆசார்யஹ்ருதயம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாஹரணம் அடியேனுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் வளரும் பேரக்குழந்தை, "தாத்தா, பெருமாள் இருக்கார்னு ப்ரூவ் பண்ண முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்றே சொல்லலாம், உடையவரும் அப்படித்தான் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஏன் என்று குழந்தை கேட்கும். அங்கே குடத்தையும் குயவனையும் எடுத்துக்கொண்டு, அந்த அதிகரணத்தை அதன் வயதுக்கேற்ற மொழியில் தொடங்கலாம்.

அடியேன்
ராமாநுஜதாஸன்